லோ ஃபேட் டப்பாவும் நம் வீட்டுச் சாப்பாடும்: கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். தோட்டத்திலிருந்து சம்பளத்தோடு வருகிறவர்கள், பள்ளி விட்டதும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள், கிளினிக்கில் இரத்தம் கொடுத்துவிட்டு நேரே வருகிறவர்கள் எல்லாரும் இப்போது ஒரே தட்டின் முன்னால்தான் நிற்கிறார்கள். 'லோ ஃபேட்' என்று எழுதிய டப்பாக்கள் இருக்கிற தட்டு அது. கேட்கிற கேள்விகளும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டே அரையும் குறையுமாகப் பதில் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

நான் டாக்டர் இல்லை. மருந்து மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எதற்கும் இந்தப் பக்கத்தை நம்ப வேண்டாம்.

"லோ ஃபேட்னு போட்டிருந்தா கொழுப்பே இல்லைன்னுதானே அர்த்தம்?"

இல்லை. மலேசிய உணவுச் சட்ட விதிப்படி, 100 கிராமில் 3 கிராமுக்கு மேல் கொழுப்பு இல்லாத பண்டத்துக்கு 'ரெண்டா லெமாக்', அதாவது மலாயில் 'லோ ஃபேட்' என்று போடலாம். பானம் என்றால் 100 மில்லிலிட்டரில் 1.5 கிராம். அவ்வளவுதான் அந்த எழுத்துக்குப் பொருள். சீனி எவ்வளவு, உப்பு எவ்வளவு என்பதைப் பற்றி அது வாயே திறக்காது.

'கொழுப்பு குறைக்கப்பட்டது' என்பது வேறு சங்கதி. அதே வகைச் சாதாரணப் பண்டத்தைவிடக் குறைந்தது 25 விழுக்காடு குறைவு என்றுதான் அதற்கு அர்த்தம். மயோனைஸ் மாதிரி முக்கால்வாசி எண்ணெயாக இருக்கிற ஒன்றில் கால் பங்கைக் குறைத்தாலும் மிச்சம் நிறையவே இருக்கும். இரண்டு எழுத்தும் பச்சை நிறத்தில், ஒரே மாதிரி இலை படத்தோடு வருவதால் ஆட்கள் குழம்பிப் போகிறார்கள்.

"கொழுப்பை எடுத்துட்டா நல்லதுதானே? அதுல என்ன கெடுதல் வந்துடப் போகுது?"

எடுப்பதில் கெடுதல் இல்லை. எடுத்த இடத்தில் எதைப் போடுகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பண்டத்துக்கு ருசியும் மணமும், நாக்கில் வழுக்கிக்கொண்டு போகிற அந்த மென்மையும் கொழுப்பால்தான் வருகின்றன. அதை உருவிவிட்டால் பிஸ்கட் மண்ணாங்கட்டி மாதிரி ஆகிவிடும், யாரும் இரண்டாம் முறை வாங்க மாட்டார்கள். அதனால் இனிப்புக்குச் சீனியோ குளுக்கோஸ் பாகோ சேர்க்கிறார்கள். கெட்டித்தன்மைக்கு மாவுச்சத்தும் பசைப்பொருளும் போகும். உறைப்புப் பண்டமானால் உப்பு ஏறும்.

தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் நிலக்கடலை வெண்ணெய், அதாவது பீனட் பட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண வகையையும் கொழுப்பு குறைத்த வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொழுப்பு கால் பங்கு குறைந்திருக்கும், கார்போஹைட்ரேட் (மாவுச்சத்தும் சீனியும்) கூடியிருக்கும், மொத்தக் கலோரி ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். இத்தனைக்கும் எடுக்கப்பட்டது கடலையின் எண்ணெய். இதயத்துக்குப் பெரும்பாலும் நல்லது செய்கிற வகை. அதை எடுத்துவிட்டுப் பாகைப் போட்டு, விலையையும் கூட்டி விற்கிறார்கள். எல்லாப் பண்டமும் இப்படி இல்லை, அதைக் கீழே பால் கேள்வியில் சொல்கிறேன்.

"அப்போ இந்தக் கொழுப்புப் பயம் எங்கேயிருந்துதான் வந்துச்சு?"

அமெரிக்காவிலிருந்து. 1955-ல் அந்நாட்டு அதிபர் ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தது. நாடே இதய நோயைப் பற்றிப் பேசத் தொடங்கியது. ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் நிறைகொழுப்பையும் (நெய், தேங்காய் போன்றவற்றில் அதிகம் இருக்கிற 'சாச்சுரேட்டட்' கொழுப்பு) இரத்தக் கொலஸ்ட்ராலையும் இதய நோயோடு தொடர்புபடுத்தினார். 1977-ல் அமெரிக்க செனட் குழு ஒன்று 'கொழுப்பைக் குறையுங்கள்' என்று நாட்டு மக்களுக்குச் சொன்னது. அதே குழு சீனியையும் குறைக்கச் சொன்னது. உணவுக் கம்பெனிகளுக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது போலிருக்கிறது.

இன்னொரு பக்கக் கதையும் உண்டு. இதய நோய்க்குக் கொழுப்பைப் பெரிதாகவும் சீனியைச் சிறிதாகவும் காட்டி 1967-ல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு அமெரிக்கச் சீனிக் கம்பெனிகளின் அமைப்பு பணம் கொடுத்திருந்தது என்பது 2016-ல் வெளியே வந்தது.

பிறகு பெரிய சோதனையும் நடந்தது. ஏறக்குறைய 49,000 பெண்களை வைத்து, ஒரு பகுதியினருக்கு மொத்தக் கொழுப்பைக் குறைத்த சாப்பாட்டைப் பழக்கி, சுமார் 8 ஆண்டுகள் கவனித்தார்கள். 2006-ல் முடிவு வந்தது. இதய நோயோ பக்கவாதமோ சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. மொத்தக் கொழுப்பை மட்டும் எண்ணுவதில் பயன் கொஞ்சம்தான், எந்தக் கொழுப்பு, அதற்குப் பதிலாக எது என்பதே பெரிது என்று ஆய்வாளர்கள் பேசத் தொடங்கினார்கள். ஆனால் டப்பாவில் அச்சடித்த எழுத்து மட்டும் மாறவில்லை.

"டப்பாவுல எதைத்தான் பார்க்கணும்? எழுத்தெல்லாம் பொடிப்பொடியா இருக்கு."

முன்பக்கத்தை விடுங்கள், அது விளம்பரம். பின்பக்கம் திருப்பினால் இரண்டு இடம். ஒன்று 'மக்லுமாட் பெமாக்கானான்', அதாவது சத்து விவரம் என்ற கட்டம். அதில் 'ஒரு பரிமாறலுக்கு' என்ற வரிசையைப் பார்க்காதீர்கள். இரண்டு பிஸ்கட்டைத்தான் ஒரு பரிமாறல் என்று கம்பெனி எழுதியிருக்கும், இரண்டோடு நிறுத்துகிறவரை நான் பார்த்ததில்லை. '100 கிராமுக்கு' என்ற வரிசைதான் இரண்டு பண்டங்களை ஒப்பிட உதவும். அதில் 'கூலா' என்பது சீனி, 'லெமாக்' கொழுப்பு, 'நாட்ரியம்' அல்லது சோடியம் என்பது உப்பு கூடவா குறைவா என்பதைக் காட்டும். சீனி 100 கிராமில் 5 கிராமுக்குள் இருந்தால் குறைவு என்று சொல்லலாம். பானத்துக்கு அது 2.5 கிராம்.

இரண்டாவது, சேர்மானப் பட்டியல். எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வர வேண்டும் என்பது விதி. முதல் மூன்று பெயருக்குள் சீனி இருந்தால் அது இனிப்புப் பண்டம், முன்பக்கம் என்ன எழுதியிருந்தாலும் சரி. சீனி ஒரே பெயரில் வராது. குளுக்கோஸ் பாகு, ஃபிரக்டோஸ், சோளப் பாகு, டெக்ஸ்ட்ரோஸ், மால்ட் சாறு, தேன், பழச்சாற்றுச் செறிவு எல்லாமே சீனிக் குடும்பம்தான். நான்கு விதமாகப் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும், அதையும் கவனியுங்கள்.

கணக்குக்கு ஒன்று நினைவில் வையுங்கள். 4 கிராம் சீனி ஒரு தேக்கரண்டி. ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்குச் சேர்க்கப்பட்ட சீனி 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். எழுத்து தெரியவில்லை என்றால் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். என் வாடிக்கையாளர்களில் பாட்டிமார்தான் இதை முதலில் கற்றுக்கொண்டார்கள்.

"அந்த 'பிலிஹான் லெபே சிஹாட்' முத்திரை இருந்தா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாமா?"

'கூடுதல் ஆரோக்கியமான தேர்வு' என்று பொருள், 2017-லிருந்து சுகாதார அமைச்சு கொடுக்கிற முத்திரை அது. கம்பெனி தானே ஒட்டிக்கொள்ளும் இலை படத்தைவிட நம்பகமானது. ஆனால் ஒன்று, அது அதே வகைப் பண்டங்களுக்குள் ஒப்பிட்டுத் தருவது. முத்திரை உள்ள நூடல்ஸ், முத்திரை இல்லாத நூடல்ஸைவிடத் தேவலாம். கீரையைவிடத் தேவலாம் என்று அமைச்சு சொல்லவில்லை.

"தம்பி, எனக்கு இனிப்புநீர். நெய், எண்ணெய் எல்லாம் விட்டுட்டு லோ ஃபேட் பிஸ்கட்தான் சாப்பிடுறேன். அப்படியும் சீனி ஏறுதே, ஏன்?"

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இனிப்புநீர் என்கிற நீரிழிவு நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிற நோய். 2019-ல் எடுத்த தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பது தெரிந்தது. இந்தியர்களிடையே அது மற்ற இனத்தவரைவிட அதிகம்.

இரத்தத்தில் சீனியை உடனே ஏற்றுவது கொழுப்பு இல்லை, மாவுச்சத்தும் சீனியும்தான். மாரி பிஸ்கட், கிரீம் கிராக்கர் எல்லாம் கோதுமை மாவு. 100 கிராமில் 70 கிராம் அளவுக்கு மாவுச்சத்தும் சீனியுமாகவே இருக்கும். இனிக்காத கிராக்கர் மூன்று சாப்பிட்டால் ஏறக்குறைய ஒரு துண்டு ரொட்டி சாப்பிட்ட கணக்கு. காலையில் தேநீரோடு நான்கு, பத்து மணிக்கு நான்கு, சாயங்காலம் நான்கு என்றால் சோற்றுக்கு வெளியே நான்கு துண்டு ரொட்டி போய்விடுகிறது. 'நான் இனிப்பே தொடுறதில்ல தம்பி' என்று இப்படிச் சாப்பிடுகிறவர் சொல்வது பொய் இல்லை, ஆனால் உடம்புக்கு மாவும் இனிப்பும் ஒன்றுதான்.

பசிக்கிறது என்றால் ஒரு கைப்பிடி வறுத்த கடலை, ஓர் அவித்த முட்டை, கொஞ்சம் சுண்டல் நல்லது. கடலையில் பாதி கொழுப்புதான். அது சீனியை ஏற்றாது, பசியையும் தாங்கும். அளவு மட்டும் கைப்பிடியோடு நிற்கட்டும். இன்சுலினோ மாத்திரையோ எடுக்கிறவர்கள் பிஸ்கட்டைத் திடீரென்று நிறுத்தினால் சீனி ரொம்பவும் இறங்கிவிடலாம். கிளினிக்கில் சொல்லிவிட்டு மாற்றுங்கள். பெரிய அரசாங்கக் கிளினிக்குகளில் உணவியல் அதிகாரியைப் பார்க்க ஏற்பாடு செய்து தருவார்கள், டாக்டரிடம் வாய் விட்டுக் கேட்க வேண்டும்.

"அப்போ 'சீனி சேர்க்கப்படவில்லை'ன்னு போட்டதை வாங்கிடுறேன். சரியா?"

பாதி சரி. மேலே சொன்ன கிராக்கரையே நினைத்துப் பாருங்கள், அதில் சீனி மிகக் கொஞ்சம்தான். இன்னொரு தந்திரமும் உண்டு. மால்டோடெக்ஸ்ட்ரின் என்று ஒரு மாவுப்பொருள். கொழுப்பு குறைத்த பவுடர்களிலும் சூப்புகளிலும் கெட்டியாக்கப் போடுகிறார்கள். கட்டத்தில் 'சீனி' வரிசையில் அது கணக்கில் வராது, கார்போஹைட்ரேட்டில்தான் வரும். ஆனால் வயிற்றுக்குள் போனதும் சீனியைப் போலவே வேகமாக இரத்தத்தில் ஏறும். அதனால் இனிப்புநீர் உள்ளவர்கள் சீனி வரிசையோடு நிற்காமல் மொத்தக் கார்போஹைட்ரேட் வரிசையையும் பார்க்க வேண்டும்.

சீனிக்குப் பதில் போடுகிற செயற்கை இனிப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். உடல் எடையைக் குறைக்க அதை நம்ப வேண்டாம் என்று 2023-ல் உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது. ஏற்கெனவே இனிப்புநீர் இருக்கிறவர்களுக்கான அறிவுரை அல்ல அது, அவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்பதுதான் முறை.

"பால் எதை வாங்கணும்? ஃபுல் கிரீமா, லோ ஃபேட்டா?"

வெறும் பாலில் எது வாங்கினாலும் பெரிய தப்பில்லை. கொழுப்பை எடுத்த பாலில் வேறு எதையும் நிரப்ப வேண்டியதில்லை. பாலுக்கே உரிய சீனி 100 மில்லிலிட்டரில் 5 கிராம் அளவு இரண்டிலும் இருக்கும், கலோரி மட்டும் ஆடை எடுத்த பாலில் பாதிக்குக் கிட்டே இறங்கும். எடை கூடியவர்கள், கெட்ட கொலஸ்ட்ரால் அதிகம் உள்ளவர்கள் லோ ஃபேட் எடுக்கலாம். இரண்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு மட்டும் லோ ஃபேட் வேண்டாம், வளர்கிற மூளைக்குக் கொழுப்பு தேவை.

சாக்லேட், ஸ்ட்ராபெரி சேர்த்த லோ ஃபேட் பால் என்றால் இரண்டாம் கேள்வியின் பதில்தான்.

"டின் பால் பத்திச் சொல்லவே இல்லையே?"

தேநீரில் விடுகிற அந்தக் கெட்டியான இனிப்புப் பால் டின்னைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் 'கிரிமர் மானிஸ்' (இனிப்பு கிரிமர்) என்று இருக்கும். பாலின் கொழுப்புக்குப் பதிலாகச் செம்பனை எண்ணெய் (பாமாயில்), கூடவே சீனி. எடையில் ஏறத்தாழ பாதி சீனிதான். ஒரு மேசைக்கரண்டி விட்டால் 10 கிராம் சீனி போகிறது. தே தாரிக், அதாவது ஆற்றிய பால் தேநீருக்கு ஒரு கரண்டியோடு யார் நிறுத்துகிறார்கள்? கடையில் குடிப்பதானால் 'கூராங் மானிஸ்' (இனிப்புக் குறைவு) என்று சொல்லுங்கள், இல்லை 'கோசோங்' (இனிப்பே இல்லாதது) கேளுங்கள். முதல் வாரம் முகம் சுளிக்கும், அப்புறம் பழகிவிடும். வீட்டில் டின் பாலுக்குப் பதில் சாதாரணப் பால் விட்டு, வேண்டிய சீனியை நீங்களே கரண்டியால் போட்டால் எவ்வளவு போடுகிறோம் என்பதாவது தெரியும்.

"தயிர் உடம்புக்கு நல்லதுன்னு சொன்னாங்க. பழம் போட்ட லோ ஃபேட் தயிர் வாங்கலாமா?"

நல்லது என்று சொன்னது தயிரை. பழத்தயிரில் 100 கிராமுக்குச் சீனி 12, 13 கிராம் என்று போட்டிருந்தால், 5 கிராம் அளவு பாலினுடையது, மிச்சம் சேர்த்தது. வீட்டில் உறை ஊற்றிய தயிரில் ஒரு வாழைப்பழத்தை நறுக்கிப் போடுங்கள். நம் வெயிலுக்கு இரவில் உறை ஊற்றினால் விடிவதற்குள் தயிராகிவிடுகிறது, இதற்குக் கடைக்கு வரவே வேண்டாம்.

"தேங்காய்ப் பால்? லோ ஃபேட் சந்தான் டப்பா வந்திருக்கே, அது பரவாயில்லையா?"

லோ ஃபேட் சந்தான் டப்பா என்றால் பெரும்பாலும் தண்ணீர் கூடிய தேங்காய்ப் பால், அது பிரியாமல் இருக்கக் கொஞ்சம் பசைப்பொருள். கெடுதல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீரை நாமே ஊற்றிக்கொள்ளலாமே? பாசாரில் (சந்தையில்) துருவிய தேங்காய் வாங்கி, முதல் பாலைக் குறைத்து இரண்டாம் பாலில் குழம்பைக் கொதிக்க விட்டு, இறக்கும்போது மட்டும் இரண்டு கரண்டி முதல் பாலை விட்டால் ருசி குறையாது. நம் அம்மாமார் சிக்கனத்துக்காகச் செய்தது இது.

தேங்காய்ப் பாலில் இருப்பது பெரும்பாலும் நிறைகொழுப்பு, கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டுகிற வகை. தேங்காய் எண்ணெயை வேண்டாம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2017-ல் சொன்னதற்கும் அதுதான் காரணம். அதற்காகத் தேங்காயையே வீட்டுக்குள் விடாமல் இருக்க வேண்டியதில்லை. காலையில் நாசி லெமாக் (தேங்காய்ப் பால் சோறு), மத்தியானம் சந்தான் போட்ட கறி, இரவு பாயசம் என்று ஒரே நாளில் மூன்று வேளையும் வருவதுதான் தொல்லை. வாரத்தில் இரண்டு நாள் கறிக்கு, மற்ற நாளில் ரசம், புளிக்குழம்பு, பருப்பு என்று போட்டுப் பாருங்கள்.

கீரையில் தூவுகிற தேங்காய்ப்பூவைப் பற்றிக் கவலையே வேண்டாம். முருங்கைக் கீரையிலும் காரட்டிலும் இருக்கிற ஏ வைட்டமின் சத்து உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். டி, இ, கே வைட்டமின்களுக்கும் அப்படியே. எண்ணெயே இல்லாமல் அவித்த கீரையைச் சாப்பிட்டு, 'நான் ரொம்பக் கட்டுப்பாடு' என்று சொல்கிறவர்கள் கீரையின் பலனில் ஒரு பங்கை விட்டுவிடுகிறார்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு தாளித்தால் போதும்.

"எந்த எண்ணெய்ல சமைக்கிறது? எல்லாரும் ஒவ்வொன்னு சொல்றாங்க."

நம் ஊரைச் சுற்றி நிற்பது செம்பனை, நம் சட்டியில் கொதிப்பதும் அதுதான். உதவித்தொகையோடு விற்கிற ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய் அதுவே. அதில் ஏறக்குறைய பாதி நிறைகொழுப்பு. தேங்காய் எண்ணெயைவிடக் குறைவு, நல்லெண்ணெயையும் கடலை எண்ணெயையும் விட அதிகம். வசதி இருந்தால் தாளிப்புக்கும் வதக்கலுக்கும் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ வைத்துக்கொண்டு, பாக்கெட் எண்ணெயைப் பொரிக்கிறதுக்கு மட்டும் வைக்கலாம். வசதி இல்லை என்றால் அதையே அளந்து ஊற்றுங்கள், புட்டியிலிருந்து நேரே சாய்க்காதீர்கள். பொரித்துக் கறுத்த எண்ணெயை மறுநாளும் மறுநாளும் சூடு பண்ணுவதை நிறுத்துவது, புதிதாக விலை கூடிய எண்ணெய் வாங்குவதைவிட முக்கியம்.

"வெண்ணெயா, மார்ஜரினா?"

பழைய கெட்டி மார்ஜரினில், எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கும்போது உண்டாகிற டிரான்ஸ் கொழுப்பு இருந்தது, அது எல்லாக் கொழுப்பிலும் மோசம். இப்போது வருகிற மிருதுவான வகைகளில் அது பெரும்பாலும் இல்லை. பட்டியலில் 'ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெய்' என்று இருந்தால் வேண்டாம். இல்லையென்றால் எதையானாலும் மெல்லப் பூசுங்கள்.

"கொழுப்பு கெட்டது இல்லைன்னா நெய்யும் கறியுமா சாப்பிடலாமா? யூடியூப்ல சோறே வேணாம், நெய் குடின்னு சொல்றாரு ஒருத்தர்."

இதைத்தான் எதிர்பார்த்தேன். ஒரு பக்கம் சாய்ந்ததை நிமிர்த்தப் போய் மறுபக்கம் சாய்க்கிறார்கள். நிறைகொழுப்பு அதிகமானால் கெட்ட கொலஸ்ட்ரால் கூடும், கெட்ட கொலஸ்ட்ரால் கூடினால் மாரடைப்பு வாய்ப்பு கூடும். அந்தப் பகுதி ஆன்சல் கீஸ் காலத்திலிருந்து இன்றுவரை நிற்கிறது. நிறைகொழுப்பு மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும் என்றுதான் உலகச் சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

மாறியது எது என்றால், அதற்குப் பதிலாக எதைச் சாப்பிடுகிறோம் என்பதைப் பற்றிய புரிதல். நெய்யைக் குறைத்து மீன், கடலை, நல்லெண்ணெய் பக்கம் போனால் இதயத்துக்கு நன்மை. நெய்யைக் குறைத்து வெள்ளை மாவும் சீனியும் போட்ட லோ ஃபேட் கேக் பக்கம் போனால் நன்மை எதுவும் தெரியவில்லை. தோசை மேல் ஒரு தேக்கரண்டி நெய் விடுகிறவரை நான் தடுக்க மாட்டேன். கோப்பையில் ஊற்றிக் குடிக்கிறவர் முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும்.

"எங்க தாத்தா பாட்டியெல்லாம் எதையும் பார்க்காம சாப்பிட்டு நல்லாத்தானே இருந்தாங்க?"

விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்து நிரைக்குப் போய், நூற்றுக்கணக்கான மரத்தில் பட்டை சீவி, பால் எடுத்து, வாளியைச் சுமந்து நடந்தவர்கள் அவர்கள். அந்த உழைப்புக்குச் சட்டிச் சோறு தேவைப்பட்டது. நாம் அந்தச் சோற்றை மட்டும் வைத்துக்கொண்டு நடையை விட்டுவிட்டோம்.

'நல்லா இருந்தாங்க' என்பதும் முழு உண்மை இல்லை. இரத்தசோகையும் கொக்கிப்புழுவும் தோட்டத்து லய வீடுகளில் சாதாரணம். இனிப்புநீர் இருந்தாலும் பரிசோதித்துச் சொல்ல ஆள் இல்லை. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேலிக் கீரையும் பருப்பும் கருவாடும் கேழ்வரகும். எல்லாம் பொற்காலம் என்று நினைக்க வேண்டியதில்லை.

"லோ ஃபேட் பிஸ்கட் ஒரு பாக்கெட்டை முடிச்சும் பசிக்குதே?"

கையிலும் வாயிலும் நிற்காத பண்டம் அது. மெல்ல வேண்டியதில்லை, நாரும் புரதமும் கொஞ்சம்தான். 'லோ ஃபேட்தானே' என்கிற தைரியத்தில் இன்னும் இரண்டு போகும்.

2019-ல் அமெரிக்காவில் கெவின் ஹால் என்ற ஆய்வாளர் 20 பேரை ஆராய்ச்சிக்கூடத்திலேயே தங்கவைத்துப் பார்த்தார். இரண்டு வாரம் ஆலையில் மிகவும் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சமைத்த எளிய உணவு. இரண்டிலும் தட்டில் வைத்த கொழுப்பு, சீனி, உப்பு, நார் எல்லாம் ஒத்த அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்று விட்டுவிட்டார்கள். ஆலை உணவு சாப்பிட்ட நாட்களில் ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார், இரண்டு வாரத்தில் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறினார்கள். கொழுப்பு எவ்வளவு என்பதைத் தாண்டி, உணவு எப்படிச் செய்யப்பட்டது என்பதும் கணக்கில் வருகிறது.

"காலையில பிள்ளைங்க பசியாற என்ன கொடுக்கிறது? நேரமே இல்ல."

லோ ஃபேட் என்று எழுதிய சோள அவலும் (கார்ன் ஃபிளேக்ஸ்) மால்ட் பானமும்தான் பெரும்பாலான வீட்டில். சோள அவலில் கொழுப்பு எப்போதுமே மிகக் கொஞ்சம்தான். அதை எழுதுவது தண்ணீர்ப் புட்டியில் 'எலும்பு இல்லை' என்று எழுதுவதற்குச் சமம். சீனி வரிசையைப் பாருங்கள். முதல் நாள் அரைத்த மாவில் இரண்டு தோசை, அவித்த முட்டையோடு ரொட்டி, சாதாரணக் கடலை வெண்ணெய் தடவிய ரொட்டி, இவை எல்லாம் பத்து நிமிட வேலைதான். மால்ட் பானத்தை விட முடியாது என்றால் மூன்று கரண்டியை ஒன்றாக்கி, பாலைக் கூட்டி, டின் பாலை விட்டுவிடுங்கள்.

"நல்ல சாப்பாடுன்னா விலை கூடத்தானே?"

அவகாடோவும் ஆலிவ் எண்ணெயும் என்றால் கூடத்தான். முட்டை, பருப்பு, தௌஹு (சோயாக் கட்டி), தெம்பே (புளிக்கவைத்த சோயா), கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி), நெத்திலி எல்லாம் லோ ஃபேட் பிஸ்கட்டைவிடச் சத்துக்குச் சத்து மலிவு. நெத்திலியை உப்புப் போக ஊறவைத்துக் கழுவுங்கள். முருங்கையும் மரவள்ளிக் கொழுந்தும் வேலியில் இருக்கின்றன. தட்டில் எவ்வளவு என்பதற்குச் சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செபாரோ' (கால், கால், அரை) போதும்: கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ முட்டையோ பருப்போ, அரைத் தட்டு காய்கறியும் பழமும். நம் வீடுகளில் முக்கால் தட்டு சோறு. அங்கே கை வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

"டாக்டரே எனக்குக் கொழுப்பைக் குறைக்கச் சொல்லியிருக்காரே. அவர் சொன்னது தப்பா?"

தப்பே இல்லை. பித்தப்பைக் கல், கணைய அழற்சி, இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்கிற கொழுப்பு மிக அதிகம் போன்ற நிலைகளில் கொழுப்பை உண்மையாகவே குறைக்க வேண்டியிருக்கும். அவர் சொன்னது சாப்பாட்டில் கொழுப்பைக் குறைக்க. டப்பா வாங்கச் சொல்லவில்லை. ரசம், பருப்பு, அவித்த மீன், இட்லி, கீரை, பழம் எல்லாம் யாரும் எழுத்து ஒட்டாமலேயே கொழுப்பு குறைந்தவை. டிரைகிளிசரைடு கூடியவர்கள் சீனியையும் மதுவையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். லோ ஃபேட் இனிப்புப் பண்டம் அவர்களுக்கு நேர் எதிராகப் போய் முடியும்.

"இவ்வளவு சொல்றீங்க, நீங்களே கடையில அதைத்தானே விக்கிறீங்க அண்ணே?"

விற்கிறேன். கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், நான் வைக்கவில்லை என்றால் ஈப்போ பேரங்காடியில் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் கண் மட்டத்தில் இருந்த தட்டில் இப்போது கடலை, பயறு, கேழ்வரகு மாவு வைத்திருக்கிறேன், லோ ஃபேட் சாமான் கீழ்த் தட்டுக்குப் போய்விட்டது. குனிந்து எடுக்கிறவர் பின்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு எடுக்கட்டும்.

படிக்கச் சிரமம் என்றால் டப்பாவை என்னிடம் கொண்டுவாருங்கள், படித்துச் சொல்கிறேன். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கடையில் கூட்டம் இருக்காது. சம்பள நாள் அன்று மட்டும் வேண்டாம்.